இரட்டைக் கருத்துப் பகிடி எப்பிடி வேலை செய்யுது? (வில்லுப்பாட்டு எழுதிறவை கட்டாயம் வாங்கோ)

மதகடி

எல்லாருக்கும் வணக்கம். எங்கடை வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு வில்லுப்பாட்டு எழுதிற வேலை என்ரை தலையிலை விழுந்திருக்கு. கதை அரிச்சந்திரன்தான், அதிலை ஒருத்தரும் கை வைக்க விடாயினம். ஆனால் இடையிலை வாற பகிடி முழுக்க நாட்டு நடப்பாய் இருக்கவேணுமாம். "ஊழலைப் பற்றி நல்லாக் குடு, ஆனால் ஒருத்தற்றை பேரும் வரக்கூடாது" எண்டு தலைவர் சொல்லிப்போட்டார். பேர் இல்லாமல் ஊழலைச் சொல்லுறதெண்டால் இரட்டைக் கருத்தைத் தவிர வேறை வழி எனக்குத் தெரியேல்லை.

கேள்வி இதுதான். இந்த மாதிரிப் பகிடி ஒண்டு சொல்லச் சபை குலுங்கிச் சிரிக்குது. அதே அச்சிலை இன்னொண்டைச் சொல்லச் சனம் நிலத்தைப் பாக்குது. ஏன்?

உதாரணத்துக்கு, மத்திய வங்கிப் பிணைமுறி (அரசாங்கம் கடன் வாங்கக் குடுக்கிற பத்திரம்) ஊழல் விசயம் பேப்பரிலை நாறின காலத்திலை எங்கடை சந்தியிலை ஓடின ஒண்டு:

"மத்திய வங்கியிலை முறியாம்."
"அதை ஏன் பேப்பரிலை போடுறாங்கள்? முறிவு நெரிவுப் பரியாரியாரிட்டைக் கொண்டு போகச் சொல்லுங்கோ."

அந்த நேரம் வயிறு நோகச் சிரிச்சனாங்கள். போன கிழமை ஒத்திகையிலை சொல்லிப் பாத்தன். கடம் வாசிக்கிற பெடியன் "முறி எண்டால் என்னண்ணை?" எண்டு கேட்டான். இது காலத்தாலை செத்ததோ, சொல்லாலை செத்ததோ?

ஏட்டுச்சுவடி

தம்பி மதகடி, முதலில் சிலேடை வேறு, பகிடி வேறு என்று பிரித்து வையுங்கள். பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த காளமேகத்தின் வெண்பாவை எடுங்கள்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது

பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டு. பாம்பு படமெடுத்து ஆடிக் குடத்துக்குள் அடையும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் அடையும். மூடியைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும், எண்ணெய் பார்ப்பவன் முகத்தைக் காட்டும். கடைசியில் "பிண்ணாக்கு". எள்ளுக்கு அது செக்கில் மிஞ்சும் பிண்ணாக்கு. பாம்புக்கு அதையே பிள் நாக்கு என்று உடைக்க வேண்டும், பிளந்த நாக்கு. தண்டியலங்காரம் உடைக்காமலே இரண்டு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், உடைத்தால்தான் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் சொல்லும். உங்கள் "முறி" முதல் வகை.

முப்பது வருசத்துக்கு மேல் இந்தப் பாட்டைப் படிப்பித்தேன். பிள்ளைகள் "ஆ!" என்பார்கள், ஒருவரும் சிரித்ததில்லை. ஏனென்றால் இதில் அடிபடுகிறவர் ஒருவருமில்லை. பாம்புக்கு வெட்கமில்லை, எள்ளுக்கு மானமில்லை. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடம் நான்கு என்று வைத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலை முதலில் வைத்தார், கவனியுங்கள். அந்த நான்கில் ஒன்றும் தொடாத சிலேடை வியப்போடு நின்றுவிடும்.

உறைப்பு

சேர் சொன்னது நூற்றுக்கு நூறு. வெறும் சொல்லு பச்சைத் தண்ணி. விசயம் வேணும். அதுவும் சுடச்சுட வேணும்.

என்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்ததைச் சொல்லுறன். 2022 ஆவணி. சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போய் யூலை 14 பதவியை விட்டிட்டார். அடுத்த மாதம் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்திட்டுது. மோட்டர்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. இந்த அளவுக்குச் சனம் வைச்ச பேர் "கோட்டா". சனாதிபதிக்கும் அதுக்கு முன்னமே நாடு முழுக்க அதே பேர்தான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெற்றோல் செட். மத்தியானம் ஒரு மணி, மண்டை வெடிக்கிற வெய்யில். எனக்கு முன்னாலை ஒரு ஐயா, எழுபது தாண்டின ஆள், எம்டி 90 மோட்டர்சைக்கிளை உருட்டிக்கொண்டு நிக்கிறார். கான்டிலிலை பை தொங்குது, பைக்குள்ளை இருந்து முருங்கைக்காய் எட்டிப் பாக்குது. அவற்றை முறை வந்துது. போனைத் தூக்கிக் காட்டினார். பம்பிலை நிண்ட பெடியன் ஸ்கான் பண்ணிப் பாத்திட்டுச் சொன்னான்:

"ஐயா, உங்கடை கோட்டா முடிஞ்சுது."

ஐயா அவனை ஒருக்கா நிமிந்து பாத்தார்.

"அது போன மாசமே முடிஞ்சிட்டுது தம்பி. பேப்பரிலை பாத்தன்."

அவர் சிரிக்கேல்லை. பெடியனுக்கும் உடன விளங்கேல்லை. பின்னாலை நிண்ட ஒரு பொம்பிளைப்பிள்ளைதான் முதல்லை வெடிச்சது. பேந்து வரிசை முழுக்க. ஐயா கொடுப்புக்குள்ளை ஒரு சிரிப்போடை மோட்டர்சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போட்டார், பெற்றோல் இல்லாமல்.

இதிலை வேலை செய்தது என்னெண்டு நான் கனக்க யோசிச்சிருக்கிறன். முதலாவது, பெடியன் பகிடி விடேல்லை. அவன் தன்ரை வேலையைத்தான் சொன்னவன். அப்பாவியாய் ஒருத்தன் நேர்க் கருத்தைக் குடுத்தாத்தான் மற்றவர் மறு கருத்தை எடுக்கலாம். இரண்டாவது, ஐயா ஒரு பேரும் சொல்லேல்லை. "அது" எண்டார், அவ்வளவுதான். மிச்சத்தைச் சொன்னது வரிசையிலை நிண்ட சனம், மனசுக்குள்ளை. மூண்டாவது, அந்தச் சனம் மாசக்கணக்காய்க் காய்ஞ்சு நிண்ட சனம். இதே சொல்லை 2020 இலை சொல்லியிருந்தால் பம்பிலை நிண்டவன் அக்கம்பக்கம் பாத்திருப்பான்.

இப்ப போய் ஒரு பத்து வயசுப் பெடியனிட்டை இதைச் சொல்லுங்கோ. மதகடியின்ரை முறி மாதிரித்தான்.

ஒஸ்லோத் தம்பி

உறைப்பு அண்ணை, அருமை. ஆனால் இதை வாசிச்சிட்டு என்ரை மகளுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டன். கோட்டா எண்டால் ஆர், கோட்டா எண்டால் என்ன, ஏன் வரிசை, எம்டி 90 எண்டால் என்ன எண்டு சொல்லி முடிக்க அவள் நித்திரை. இந்த மாதிரிப் பகிடிக்கு விசா இல்லை போல.

பக்கப்பாட்டு

நான் ஒரு காலத்திலை வில்லிசைக் குழுவிலை பின்னுக்கிருந்து "ஆமா" போட்ட ஆள், அதாலைதான் இந்தப் பேர். மதகடிக்குப் பிரயோசனமாய்ச் சிலதைச் சொல்லுறன்.

சின்னமணி அண்ணையின்ரை வில்லுப்பாட்டைக் கோவில் வீதியிலை பாய் விரிச்சிருந்து பாத்த தலைமுறை நாங்கள். விடியப்புறம் வரைக்கும் சனத்தை எழும்ப விடாமல் வைச்சிருந்த மனிசன். அவர் தலைப்பாட்டுக்காரர், அரசர் மாதிரிக் கதையைக் கொண்டு போவார். பக்கத்திலை இருக்கிறவன்தான் எல்லாத்தையும் பிழையாய் விளங்கிக்கொள்ளுற ஆள். உறைப்பு சொன்ன பம்புப் பெடியன்ரை வேலை இஞ்சை தலைப்பாட்டுக்காரருக்கு. அவர் நேர்க் கருத்தோடை நிக்கவேணும். பகிடி தனக்குத் தெரியும் எண்டு அவர் முகத்திலை காட்டினால் அதோடை சரி.

அடுத்தது, சொல்லை எங்கை வைக்கிறது எண்டது. தமிழிலை வினை கடைசியிலை வாறதாலை இதிலை கவனம் தேவை. பிணைமுறியைப் பற்றி அந்த நேரம் நாங்கள் ஒரு மேடையிலை விட்ட ஒண்டு இருக்கு. விசயம் தெரியாதவைக்கு: 2015 பெப்ரவரி 27, மத்திய வங்கி 30 வருசப் பிணைமுறி 1 பில்லியனுக்கு எண்டு அறிவிச்சுப்போட்டு 10 பில்லியனுக்கு எடுத்தது. ஆளுநரின்ரை மருமகனோடை தொடர்புள்ள கொம்பனிக்குப் பெரிய பங்கு போனது எண்டு சனாதிபதி ஆணைக்குழு வரைக்கும் போன விசயம். மேடையிலை நாங்கள் சொன்னது:

"ஊரிலை மாமாமார் சீதனம் பத்துப் பேசி ஒண்டு குடுப்பினம்."
"ஆமா."
"கொழும்பிலை ஒரு மாமா ஒண்டு பேசி..."
"பேசி?"
"...பத்துக் குடுத்தவர்."

வங்கியுமில்லை, முறியுமில்லை, ஆளுநருமில்லை. ஆனால் "பேசி?" எண்டு நான் கேட்டு நிறுத்தின இடத்திலையே முன்வரிசை சிரிக்கத் தொடங்கிட்டுது. அவைக்கு விடை வந்திட்டுது. தலைப்பாட்டுக்காரர் "பத்து" எண்டு சொன்னது பின்னுக்கு இருந்தவைக்கு. இதையே "மத்திய வங்கி மாமா மருமகனுக்கு ஒண்டுக்குப் பத்தாய்க் குடுத்திட்டார்" எண்டு ஒரே வசனத்திலை போட்டுப் பாருங்கோ. அது செய்தி வாசிக்கிறது.

மதகடியின்ரை முறிப் பகிடி ஏன் செத்தது, இது ஏன் இண்டைக்கும் கொஞ்சம் மூச்சு விடுது? அது "முறி" எண்ட ஒரு சொல்லிலை தொங்குது. அந்தச் சொல்லு பேப்பரை விட்டுப் போகப் பகிடியும் போட்டுது. மாமாவும் சீதனமும் யாழ்ப்பாணத்தை விட்டு எப்ப போகப்போகுது?

உறைப்பு

மாமா எண்ட சொல்லுக்கு இன்னொரு கருத்தும் இருக்கெண்டு பின்வரிசைக்கு விளங்கியிருக்குமே 😄

பக்கப்பாட்டு

அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை ஐயா. நாங்கள் சீதனத்தைத்தானே சொன்னனாங்கள்.

வேலிப்பொட்டு

"நாங்கள் பொறுப்பில்லை." இந்தச் சொல்லுக்காகத்தான் உள்ளுக்கு வந்தனான், வந்திட்டுது.

நீங்கள் எல்லாரும் சொல்லுறதைச் சேர்த்துப் பாத்தால், இரட்டைக் கருத்துப் பகிடியிலை சொல்லுறவர் பாதிதான் சொல்லுறார், மற்றப் பாதியைக் கேக்கிறவற்றை வாயிலை வைச்சிட்டுத் தான் நல்ல பிள்ளை ஆகிறார். பெற்றோல் செட் ஐயா அதைச் சனாதிபதிக்குச் செய்தார், நானும் சிரிச்சன். ஆனால் இந்த ஊரிலை அதே வித்தையை ஆருக்குக் கூடுதலாய்ப் பாவிச்சவை? ஒழுங்கையாலை போற பொம்பிளைப்பிள்ளைக்கு. மதகிலை இருந்து (தம்பி மதகடி, உங்களைச் சொல்லேல்லை) "மாங்காய் விலை என்ன" எண்டு கேப்பினம். திரும்பிப் பாத்துப் பேசினால், "நாங்கள் மாங்காயைத்தானே கேட்டனாங்கள், உமக்கு ஏன் அப்பிடி விளங்கினது?" கேட்டவன் சுத்தம், விளங்கினவள் அழுக்கு.

ஊர்விசயப் பகிடி எண்டால் யாழ்ப்பாணத்துக்குக் கனகி புராணத்தை விட்டுட்டுக் கதைக்கேலாது. 19ஆம் நூற்றாண்டிலை நட்டுவச் சுப்பையனார் பாடினது. வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலை ஆடின கனகி எண்ட பெண்ணையும், அவளிட்டைப் போய் வந்த ஆக்களையும் பற்றினது. இப்ப மிஞ்சியிருக்கிறது கொஞ்சப் பாட்டுத்தான். அதையும் "ஆகா என்ன நகைச்சுவை" எண்டு எழுதாத ஆய்வாளர் இல்லை.

சந்திக்கடை

அக்கா, மாங்காய் விசயத்திலை உங்களோடை நிக்கிறன். கனகி புராணத்திலை நிக்கமாட்டன்.

அதிலை அடி வாங்கினது ஆர்? பெரிய மனிசர். பகலிலை விபூதியும் சால்வையுமாய்த் திரிஞ்சு இரவிலை அந்தப் பக்கம் போன ஆக்கள். புலவர் அவையை வரிசையாய் இழுத்துக்கொண்டு வந்து நிப்பாட்டினார். அந்தக் காலத்திலை அதைவிட வேறை என்ன வழி இருந்தது? பேப்பரோ, முகநூலோ? பாட்டுத்தான்.

அதோடை அவர் அதைப் "புராணம்" ஆக்கினதுதான் பெரிய கெட்டித்தனம். கோவிலிலை கந்தபுராணப் படிப்பு நடக்கிற ஊர். ஒருத்தர் பாட்டை இழுத்து வாசிக்க மற்றவர் பயன் சொல்லுவார், சனம் கைகூப்பிக் கேக்கும். பண்டிதமணி கணபதிப்பிள்ளை "கந்தபுராண கலாசாரம்" எண்டு சொன்னது சும்மாவோ? அந்தக் காது பழகின சனத்துக்கு முன்னாலை அதே ராகத்திலை இந்த விசயத்தை எடுத்து விட்டால் என்ன நடக்கும்? இஞ்சை சிலேடை ஒரு சொல்லிலை இல்லை. நூலின்ரை உருவமே சிலேடை. கேக்கேக்கை பக்தி, விளங்கேக்கை பகிடி.

ஏட்டுச்சுவடி

சந்திக்கடையார் சொன்ன கடைசிக் கருத்தை வழிமொழிகிறேன். உருவத்தையே இரண்டாம் பொருளாக்குவது சொற்சிலேடையைவிட ஒரு படி மேல். தூது, பள்ளு, புராணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கனம் இருக்கிறது. அந்தக் கனத்தை ஒரு சில்லறை விசயத்தின் தலையில் ஏற்றினால் சிரிப்பு வரும். இன்றைக்குப் பிள்ளைகள் மரண அறிவித்தல் வடிவத்தில் அரசியல் நையாண்டி போடுகிறார்களே, "அன்னார் காலஞ்சென்ற வாக்குறுதியின் அன்புப் புதல்வர்" என்று, அதுவும் இதே குலம்தான்.

வேலிப்பொட்டு

சேர், உருவம் கெட்டித்தனம்தான். மறுக்கேல்லை.

ஆனால் சந்திக்கடைத் தம்பியிட்டை ஒரு சின்னக் கேள்வி. அந்த வரிசையிலை வந்த பெரிய மனிசரிலை ஒருத்தற்றை பேரை இப்ப புத்தகத்தைப் பாக்காமல் சொல்லும் பாப்பம்.

சந்திக்கடை

...

வேலிப்பொட்டு

கனகியின்ரை பேர் மட்டும் உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நூற்றைம்பது வருசமாய் இந்தச் சனத்துக்குத் தெரியும். பகிடி அவைக்குத்தான், ஆனால் தலைப்பு அவளுக்கு. அவள் என்ன நினைச்சாள் எண்டு ஒரு பாட்டும் மிஞ்சேல்லை.

நான் பகிடியைத் தடை செய்யச் சொல்லேல்லை. ஆர் மேலை போய் விழுது எண்டதை எழுதிறவர் பாக்கவேணும். கேக்கிறவற்றை வாயிலை வைச்சிட்டுப் போறதாலை, எங்கை விழும் எண்டது எழுதினவற்றை கையிலை இல்லைத்தானே. சாதிப் பகிடியும் இதே வாசலாலைதான் வந்தது. ஆளின்ரை பேரையோ தொழிலையோ சாட்டி ஒரு சொல்லு, கேட்டால் "சும்மா பகிடிக்கு".

மட்டுறுத்துனர்

மேலே சாதி குறித்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. வேலிப்பொட்டு சொன்னதற்கு உதாரணம் தருகிறோம் என்று அதையே திரும்ப எழுத வேண்டாம். தலைப்போடு நில்லுங்கள்.

உறைப்பு

சரி, கொஞ்சம் சூட்டைத் தணிப்பம். சிரித்திரன் எண்ட பகிடிச் சஞ்சிகையை ஆரும் இன்னும் எடுக்கேல்லையே? அதின்ரை ஆசிரியர் சுந்தர் அண்ணை கீறின சவாரித்தம்பரையும் மகுடியாரையும் தெரியாத ஆளுக்கு யாழ்ப்பாணத்துப் பகிடியைப் பற்றிக் கதைக்க என்ன உரிமை எண்டு என்ரை ஐயா கேப்பார். அட்டையிலையே போட்டிருக்கும், "செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்".

மகுடி பதில்களை யோசிச்சுப் பாருங்கோ. வாசகர் ஒரு கேள்வி கேப்பார், அது நேர்க் கருத்து. மகுடியார் அரை வரியிலை மறு கருத்தைப் பிடிச்சுப் பதில் போடுவார். பக்கப்பாட்டு சொன்ன தலைப்பாட்டும் பின்பாட்டும்தான், மேடை இல்லாமல். கேள்வி பதில் எண்ட அமைப்பே இரட்டைக் கருத்துக்குப் பொருந்தின கூடு.

பக்கப்பாட்டு

ஓம், ஆனால் எல்லாப் பகிடியையும் சொல்லு விளையாட்டுக்குள்ளை அடைக்கேலாது. கே. எஸ். பாலச்சந்திரன்ரை "அண்ணை றைட்" இருக்கே, அந்த பஸ் கொண்டக்டர். அதை ஒலிநாடாவிலை எத்தினை தரம் கேட்டிருப்பம். அதிலை சிரிப்பு வாறது பெரும்பாலும் குரலாலை. ஒரு மனிசன் தனிய நிண்டு பஸ் நிறைஞ்ச சனத்தைக் காட்டுறார். டபுள் மீனிங் தேவைப்படேல்லை. மதகடி, நல்ல நடிகர் இருந்தால் உங்களுக்குச் சிலேடையிலை பாதி மிச்சம்.

மதகடி

நல்ல நடிகர் இருந்தால் நான் ஏன் இஞ்சை வந்து கேக்கிறன் 😅

சந்திக்கடை

வேலிப்பொட்டு அக்காவுக்கு மறுமொழி யோசிச்சன், இன்னும் வரேல்லை. அதுக்கிடையிலை வேறை ஒண்டு.

பேர் சொல்லாமல் கதைக்கிறதைச் சண்டைக்காலம் எங்களுக்கு நல்லாப் பழக்கிவிட்டுது. "அவை வந்தவை." "அவையிட்டைச் சொல்லியாச்சு." "அவைக்குத் தெரியுமாம்." எந்த அவை? இயக்கமோ, இந்தியன் ஆமியோ, இலங்கை ஆமியோ, மாற்று இயக்கமோ? சொல்லுறவற்றை கண்ணையும் ஆண்டையும் வைச்சுத்தான் விளங்கவேணும். ஒரே வசனத்துக்கு 87 இலை ஒரு கருத்து, 91 இலை ஒரு கருத்து, 96 இலை இன்னொரு கருத்து. காளமேகம்கூட ஒரு பாட்டுக்கு இரண்டு பொருள்தான் வைச்சவர்.

என்ரை அபிப்பிராயம், எங்கடை சனம் பாதி வசனத்திலை விளங்கிச் சிரிக்கிறதுக்குக் காரணம் இந்தப் பழக்கம். ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்திலை முழு வசனம் கதைச்சவை குறைவு.

ஒஸ்லோத் தம்பி

அப்ப இரட்டைக் கருத்திலை சொன்னால் சட்டத்திலை தப்பலாமோ? 2023 மே மாதம் நடாஷா எதிரிசூரியவைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலை வைச்சுப் பிடிச்சது ஞாபகம் இருக்கோ? மேடையிலை சொன்ன பகிடிக்கு. அந்தப் பிள்ளைக்குப் பிணை கிடைக்க யூலை ஆகினது.

உறைப்பு

பிணைமுறிக்காரர் முறிச்சுக்கொண்டு போட்டினம். பகிடி சொன்ன பிள்ளைக்குப் பிணை.

(மதகடி, இதை எடுத்துக்கொள்ளுங்கோ, காசு வேண்டாம்.)

ஏட்டுச்சுவடி

உறைப்பு, இதில் முறி, பிணை இரண்டும் ஒரே வரியில் திரும்புகின்றன. ஆனால் இதையும் விளங்க இரண்டு செய்தி தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சபையில் எத்தனை பேருக்கு இரண்டும் தெரியும்?

ஒஸ்லோத் தம்பியின் கேள்விக்கு: அவரைப் பிடித்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். குடியியல் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயத்தை நாட்டுக்குள் கொண்டுவந்த சட்டம் அது. உரிமைக்கு வந்த சட்டம் பகிடிக்கு விலங்கு போட்டதைவிட நல்ல நையாண்டியை நான் எழுத முடியாது. இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. நேராகச் சொன்ன பகிடிக்கு ஒரு வாசல்தான். இரட்டைப் பொருளுக்குப் பின்பக்கம் ஒரு படலை உண்டு, "நான் எள்ளைத்தான் சொன்னேன்" என்று போய்விடலாம்.

வேலிப்பொட்டு

சேர், பிடிக்கவேணும் எண்டு வந்தவனுக்குப் படலை எல்லாம் கணக்கில்லை. பொலிஸ் தண்டியலங்காரம் படிச்சிட்டு வாறதில்லை.

இதிலை கவனிக்கவேண்டியது வேறை. கீழை இருக்கிறவன் மேலை பாத்து விடேக்கை அந்தப் படலை தேவைப்படுது, அதாலை அதிலை ஒரு துணிவு இருக்கு. மேலை இருக்கிறவன் கீழை பாத்து விடேக்கை அவனுக்கு ஓடித் தப்ப என்ன தேவை? அங்கை அது வெறும் சாட்டு. மாங்காய் விலை கேட்டவனை எந்தச் சட்டமும் பிடிக்கேல்லை, பாத்தியளோ.

சந்திக்கடை

அக்கா, இதை ஒத்துக்கொள்ளுறன். கனகி விசயம் பேந்து.

மதகடி

இவ்வளவையும் வாசிச்சுப்போட்டு இரவு இருந்து ஒண்டு எழுதினன். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க கரண்ட் போனது எல்லாருக்கும் தெரியும். பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ளை குரங்கு புகுந்ததாலை எண்டு அமைச்சரே சொன்னவர். இது இன்னும் ஆறேல்லை, சின்னப் பெடியளுக்கும் தெரியும். காட்டிலை அரிச்சந்திரன் போற இடத்திலை செருகலாம்:

தலைப்பாட்டு: மன்னன் காட்டிலே நடந்தான். மரத்துக்கு மரம் குரங்குகள் தாவின.
பின்பாட்டு: ஐயையோ, கரண்ட் போகப்போகுது!
தலைப்பாட்டு: அட, அந்தக் காலத்தில் ஏதடா கரண்ட்?
பின்பாட்டு: ஒரு குரங்கு ஒருக்காத் தாவினதுக்கே நாடு முழுக்க இருட்டு அண்ணை.
தலைப்பாட்டு: ஆமா.
பின்பாட்டு: பாராளுமன்றத்திலை எத்தினை பேர் எத்தினை தரம் தாவினவை. ஒரு பல்ப்புக்கூட மினுங்கேல்லையே!
தலைப்பாட்டு: அது கட்சி தாவலடா. அதற்குக் கரண்ட் போகாது, காசுதான் வரும்.

எப்பிடி?

பக்கப்பாட்டு

நல்லாயிருக்கு. "தாவின" எண்ட சொல்லை மன்னன் கதைக்குள்ளை முதலே விதைச்சிட்டியள், அது சரியான இடம். அப்பாவி ஆர் எண்டதும் சரி. குரங்குக்கு மானமில்லை எண்டதாலை வேலிப்பொட்டு அக்காவும் பேசமாட்டா.

ஆனால் கடைசி வரியை வெட்டுங்கோ. "கட்சி தாவல்" எண்டு தலைப்பாட்டு விளக்கிறது சனத்தின்ரை வேலையை நீங்கள் செய்யிறது. "மினுங்கேல்லையே" எண்டதோடை உடுக்கை அடி விழவேணும். உடுக்கைக்காரனுக்கு இதை ஒத்திகையிலை நாலஞ்சு தரம் சொல்லி வையுங்கோ. அவன் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

வேலிப்பொட்டு

குரங்குக்கு மானமில்லை எண்டு ஆர் சொன்னது? இந்த ஒப்பீட்டுக்கு அதுதான் வழக்குப் போடவேணும். வெட்டச் சொன்னது சரி, "காசுதான் வரும்" எண்டது பழைய பேப்பர் கார்ட்டூன் மாதிரி இருக்கு.

உறைப்பு

மிளகாய்த்தூளையும் செருகலாமே. 2018 நவம்பர் 16 பாராளுமன்றத்துக்குள்ளை தூள் எறிஞ்சு சண்டை பிடிச்சவை. "அங்கை தூள் எப்பவும் இருக்கிறதுதானே" எண்டு பின்பாட்டு சொன்னால் பெடியள் விழுந்து விழுந்து சிரிப்பாங்கள்.

பக்கப்பாட்டு

வேண்டாம். ஊருக்குள்ளை போதைத் தூளாலை பிள்ளையளைப் பறிகுடுத்த தாய் தகப்பன் சபையிலை இருப்பினம். அந்தச் சொல்லு பாராளுமன்றத்துக்குப் போகாது, அவையிட்டைத்தான் போகும். குரங்கோடை நில்லுங்கோ.

உறைப்பு

அதுவும் சரிதான். விடுங்கோ.

ஏட்டுச்சுவடி

தம்பி மதகடி, ஒன்று கேட்க மறந்தேன். பிரதம விருந்தினர் யார்?

மதகடி

பேர் போடேலாது சேர். அரசியல்வாதிதான். இதுவரைக்கும் மூண்டு கட்சி பாத்தவர். தலைவர் அவரை முன்வரிசையிலை நடுவுக்கு இருத்தப்போறாராம். அதாலைதான் பாராளுமன்ற வரியையும் எடுத்துவிடுவமோ எண்டு யோசிக்கிறன்.

பக்கப்பாட்டு

எடுத்துவிடுங்கோ. ஒரு குரங்கு ஒருக்காத் தாவினதுக்கு நாடு முழுக்க இருட்டு எண்டதோடை உடுக்கையை அடிச்சிட்டுப் பேசாமல் இருங்கோ. மிச்சத்தைச் சனம் அவரைப் பாத்துச் சிரிக்கும்.